பழைய காரைக் கொடுத்து மிட்சைஸ் எஸ்யூவி வாங்குவது எப்படி? அமெரிக்காவில் முதல்முறை டிரேட்-இன் செய்பவர்களுக்கு

சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு டீலர் கடைக்குள் போனேன். வெளியே வரும்போது இரவு 9 தாண்டிவிட்டது. நடுவில் சாப்பிட்டது மெஷினில் காசு போட்டு எடுத்த இரண்டு சிப்ஸ் பாக்கெட். போன காரிலேயே திரும்பி வந்தேன், புதுக் கார் இல்லாமல். காரணம், என் பழைய காரின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருந்த ஒரே ஒரு சொல். அது என்ன சொல் என்பதை 3-ஆம் படியில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள், குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், ஐந்து பேர் கார் போதவில்லை. நம்மில் பலர் மூன்று வரிசை இருக்கை உள்ள மிட்சைஸ் எஸ்யூவி பக்கம் போவது இப்படித்தான். ஹைலேண்டர், பைலட், டெல்லூரைடு, பாத்ஃபைண்டர் எல்லாம் இந்த வகை. ஆர்ஏவி4, சிஆர்-வி இரண்டும் ஒரு அளவு சின்னவை. இந்த வகைக் கார் வாங்கும்போது மூன்று எண்கள் நம்மை ஏமாற்றும்: ஸ்டிக்கரில் உள்ள மைலேஜ், பழைய காருக்கு அவர்கள் சொல்லும் விலை, மாதத் தவணை. மூன்றையும் அவர்கள் காட்டுகிற வடிவத்தில் பார்க்காமல் நமக்குப் புரிகிற கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும். நான் அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

1. மைலேஜை கேலனாக மாற்றுங்கள்

நம் ஊரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டே பழகியவர்கள் நாம். இங்கே கேலனுக்கு எத்தனை மைல். இரண்டிலும் ஒரே கோளாறு உண்டு. 17-இலிருந்து 22-க்குப் போவதும் 30-இலிருந்து 35-க்குப் போவதும் காதுக்கு ஒரே '5 கூடுதல்' போலக் கேட்கும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால் முதல் மாற்றத்தில் மிச்சமாவது சுமார் 160 கேலன். இரண்டாவதில் வெறும் 57.

அதனால் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் மைலேஜை விட்டுவிடுங்கள். அதன் அருகிலேயே சின்னதாக '100 மைலுக்கு எத்தனை கேலன்' என்று போட்டிருப்பார்கள். இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண்தான் சரி. ஆண்டு எரிபொருள் செலவு என்றும் ஒரு தொகை இருக்கும். அது ஆண்டுக்கு 15,000 மைல், அதில் 55 சதவீதம் ஊருக்குள், 45 சதவீதம் ஹைவே என்ற அனுமானத்தில் போட்டது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அந்தத் தொகை பொருந்தாது.

ஓர் உதாரணம். 2023 ஹைலேண்டர் ஆல் வீல் டிரைவில் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வகை) சாதா பெட்ரோல் மாடலுக்கு ஊருக்குள்ளும் ஹைவேயும் சேர்ந்த கலப்பு மைலேஜ் 24, ஹைப்ரிடுக்கு 35. 12,000 மைலுக்கு 500 கேலனும் 343 கேலனும். வித்தியாசம் 157 கேலன். கேலன் 3.50 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 550 டாலர். ஹைப்ரிடுக்கு 2,000 டாலர் கூடக் கேட்டால் மூன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் போட்ட காசு வந்துவிடும். எட்டு ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் ஹைப்ரிட் வாங்கலாம். இரண்டு ஆண்டில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று யோசிப்பவர் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. மைலேஜுக்காக மட்டும் காரை மாற்ற நினைத்தால் நிறுத்திவிடுங்கள். கையில் இருப்பது 20 கொடுக்கும் பழைய கார் என்றால், 35 கொடுக்கும் காருக்கு மாறி மிச்சமாவது ஆண்டுக்கு 257 கேலன். மாதம் 75 டாலர். 30,000 டாலர் கடனை 7 சதவீத வட்டியில் 60 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 594 டாலர். பெட்ரோலில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டிவிடலாம் என்ற கதை நடக்காது. இடம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று வாங்குங்கள். மைலேஜ் எந்த மாடல் என்று தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான்.

2. உங்கள் கால் மிதிக்கும் மைலேஜ் என்ன?

இப்போது ஓட்டும் காரில் அளந்து பாருங்கள். பம்ப் 'க்ளிக்' என்று நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் காலியாகும் தறுவாயில் அதே பம்பில் அதேபோல் நிரப்புங்கள். நான் அளந்தபோது 312 மைல், 14.2 கேலன். வகுத்தால் 22. டாஷ்போர்டு 24 என்று காட்டிக்கொண்டிருந்தது! மூன்று டேங்குக்காவது இப்படிப் பாருங்கள். அப்புறம் ஃப்யூயல் எகானமி டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் உங்கள் மாடலின் எண்ணைப் பாருங்கள். அதைவிட எத்தனை சதவீதம் குறைவாக உங்களுக்குக் கிடைக்கிறதோ, புதுக் காரிலும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கார் மாறினாலும் ஓட்டும் ஆளும் போகும் வழியும் மாறுவதில்லையே.

சில விஷயங்களை ஸ்டிக்கர் சொல்லாது:

குளிர். வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, ஊருக்குள் ஓட்டினால் சாதா பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழும். ஹைப்ரிடில் 30 சதவீதத்துக்கும் மேலேகூட விழலாம். மினசோட்டாவில் இருப்பவர் 35 என்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

கூரைப் பெட்டி. நாலு பேர் ஊரிலிருந்து வந்தால் ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பெட்டிகூட நிற்காது. உடனே கூரையில் பெட்டி மாட்டுவோம். ஹைவே வேகத்தில் அது 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும். விமான நிலையம் போய் வந்ததும் கழற்றிவிடுங்கள். என் நண்பர் வீட்டில் அது மூன்று ஆண்டாகக் காலியாக ஊர்வலம் போகிறது.

ஆல் வீல் டிரைவ். பெரும்பாலும் ஒன்றிரண்டு மைல் குறைக்கும். பனி பெய்யாத ஊரில் இருப்பவர் எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள்.

பிரீமியம் பெட்ரோல். 'தேவை' என்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். 'பரிந்துரை' என்றால் சாதா போட்டாலும் ஓடும். ஓனர் மேனுவலில் எந்தச் சொல் இருக்கிறது என்று வாங்கும் முன்பே பாருங்கள். கேலனுக்கு அரை டாலருக்கு மேல் வித்தியாசம் வரும்.

ஹைப்ரிடின் பலம் நின்று நின்று போகும் சாலையில்தான். மேலே சொன்ன ஹைலேண்டரில் ஊருக்குள் 21-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளி, ஹைவேயில் 28-க்கும் 35-க்குமாகச் சுருங்கிவிடும்.

3. டீலரிடம் போவதற்கு ஒரு மாதம் முன்பே காகிதங்களை எடுத்து வையுங்கள்

இங்கேதான் நான் விழுந்தேன்.

டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம், நம் ஊர் ஆர்சி புக் போல. காரைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியிருந்தால் இரண்டு பெயருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' என்றிருந்தால் பல மாநிலங்களில் ஒருவர் கையெழுத்தே போதும். 'அண்ட்' என்றிருந்தால் இருவரும் போட வேண்டும். எங்களுடையதில் 'அண்ட்'. நான் டீலரின் மேஜையில், மனைவி மதுரையில், தங்கை பிரசவத்துக்காக. வாட்ஸ்ஆப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டாள். விற்பனையாளர் பாவமாகச் சிரித்தார்.

பவர் ஆஃப் அட்டர்னி அசல் வேண்டும், அதுவும் இங்கே செல்லும்படியான நோட்டரி முத்திரையோடு என்றார்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, மதுரையிலிருந்து ரயிலேறிப் போய், ஒரு முத்திரைக்கு 50 டாலர் கட்டி, கூரியரில் வந்து சேர மூன்று வாரம். அதற்குள் பழைய காருக்குச் சொன்ன விலையில் 800 டாலர் குறைத்துவிட்டார்கள். துணைவர் ஊருக்குக் கிளம்பும் முன்பே, உங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையின் பவர் ஆஃப் அட்டர்னி படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்தால் இந்த வம்பே இல்லை.

கூட எடுத்து வைக்க வேண்டியவை: தேதி முடியாத ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், சர்வீஸ் ரசீதுகள், காரோடு வந்த எல்லாச் சாவிகளும். ஒரு சாவி குறைந்தாலும் விலையில் சில நூறு டாலர் வெட்டுவார்கள். விசாவில் இருப்பவர்கள் லைசென்ஸின் கடைசித் தேதியைப் பாருங்கள். நம் லைசென்ஸ் பெரும்பாலும் தங்கும் அனுமதியோடு சேர்ந்தே முடியும். சில கடன் நிறுவனங்கள் அந்தத் தேதியைத் தாண்டித் தவணை கொடுப்பதில்லை. ஐ-797 (விசா மனு ஏற்கப்பட்டதற்கான அரசுக் கடிதம்), கடைசி இரண்டு சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

டைட்டில் தொலைந்துவிட்டதா? டூப்ளிகேட்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம்.

4. பழைய காருக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்

கார் விலை மதிப்பிடும் கெல்லி புளூ புக் தளத்தில் உங்கள் காரைப் போட்டால் இரண்டு விலை காட்டும். டீலரிடம் கொடுத்தால் ஒன்று, நேரடியாக ஒருவருக்கு விற்றால் இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம். டீலரிடம் பேரம் பேச அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் அசைய மாட்டார்.

பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடத்தில் எழுத்தில் விலை வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கார் அவர்களிடம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த விலை 7 நாள் செல்லும். அதனால் புதுக் காரை முடிவு செய்த பிறகு, வாங்கப் போகும் அதே வாரத்தில் இதைச் செய்யுங்கள். முன்கூட்டியே வாங்கி வைத்தால் வீண்.

காரைக் கழுவுங்கள், உள்ளே சிந்திக் காய்ந்த சாம்பாரைத் துடையுங்கள். புது டயர் போடாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். அதில் போட்ட காசு முழுதாகத் திரும்பாது. கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று என்ஹெச்டிஎஸ்ஏ என்ற அரசுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் வின் எண்ணை (காரின் அடையாள எண்) போட்டுப் பாருங்கள். இருந்தால் கம்பெனியின் எந்த டீலரிடமும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

5. வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் பழைய காரின் விலையைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் விற்பனை வரி. டெக்சாஸை எடுத்துக்கொள்வோம், வரி 6.25 சதவீதம். புதுக் கார் 42,000 டாலர், பழையதற்கு 12,000 கொடுக்கிறார்கள். வரி 30,000-க்கு மட்டும், 1,875 டாலர். பழைய காரை வெளியில் விற்றுவிட்டு வந்தால் 42,000-க்கும் வரி, 2,625. ஆக, டீலர் சொல்லும் 12,000 உண்மையில் 12,750-க்குச் சமம். வெளியில் 12,500 கிடைத்தால் ஓடிப் போய் விற்றுவிடாதீர்கள்.

கலிபோர்னியா, வர்ஜீனியா, ஹவாய் போன்ற மாநிலங்களில் இந்தச் சலுகை இல்லை, முழு விலைக்கும் வரி. அங்கே எவர் அதிகம் தருகிறாரோ அவரிடம் கொடுத்துவிடலாம்.

6. பழைய காருக்குக் கடன் பாக்கி இருந்தால்

வங்கியிடம் '10 நாள் பேஆஃப்' தொகையைக் கேளுங்கள். ஆப்பில் காட்டும் பாக்கி அது அல்ல. நாள்தோறும் ஏறும் வட்டியைச் சேர்த்த தொகை. கார் 12,000 போகும், பாக்கி 15,000 என்றால் 3,000 டாலர் பள்ளம். 'அதைப் புதுக் கடனில் சேர்த்துவிடலாம்' என்பார்கள். சேர்த்தால் இல்லாத காருக்கு ஐந்தாண்டு வட்டி கட்டுவீர்கள். என் கருத்து: பள்ளம் ஆயிரத்தைத் தாண்டினால், பழைய காரை இன்னும் ஓராண்டு ஓட்டுங்கள்.

7. டீலரிடம் பேசும் வரிசை

முதலில் புதுக் காரின் விலை. அதுவும் மின்னஞ்சலில், 'அவுட் தி டோர்' விலையாக. வரி, ரெஜிஸ்ட்ரேஷன், டாக் ஃபீ எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை. டாக் ஃபீ என்பது காகித வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம். கலிபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது. புளோரிடாவில் உச்சவரம்பு கிடையாது, ஆயிரம் டாலர் கேட்கும் கடைகளும் உண்டு. மூன்று டீலரிடம் இந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

அது முடிந்த பிறகுதான் 'பழைய கார் ஒன்று இருக்கிறது' என்று வாயைத் திறக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகப் பேசினால் என்ன ஆகும்? இரண்டாம் முறை போனபோது பழைய காருக்கு 1,500 டாலர் ஏற்றித் தருகிறேன் என்றார் மேலாளர். கைகூடக் குலுக்கிவிட்டேன். காகிதத்தை வாசித்தால், முதலில் பேசிய தள்ளுபடியில் அதே 1,500 காணோம். கேட்டதற்கு, 'மாதத் தவணை அதேதானே சார்?' என்றார். தவணை அதேதான். 60 மாதம் 66 ஆகியிருந்தது.

மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 30,000 டாலர், 7 சதவீதம் என்று அதே உதாரணத்தைப் பாருங்கள். 84 மாதமாக இழுத்தால் தவணை 453-க்கு இறங்கிவிடும், ஆனால் மொத்த வட்டி சுமார் 2,400 டாலர் கூடும். கிரெடிட் யூனியனில் (நம் ஊர் கூட்டுறவு வங்கி போன்றது) முன்கூட்டியே கடன் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் ஒப்பிட ஒரு வட்டி விகிதம் கையில் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் நாலு இடத்தில் கேட்டாலும் கிரெடிட் ஸ்கோர் கணக்கில் பொதுவாக அது ஒரே விசாரணைதான்.

மாதக் கடைசி வேலைநாளில், காலையில் போங்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

8. ஃபைனான்ஸ் அறை

கதவை மூடிவிட்டு எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயின்ட் கோட்டிங், டயர் திட்டம் என்று அடுக்குவார்கள். எதையும் அன்றே வாங்கக் கட்டாயமில்லை. டீலரின் கடையில் கையெழுத்திட்ட காரை மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை.

கடன் அனுமதி உறுதியாகும் முன்பே காரைக் கொடுத்து அனுப்பும் பழக்கமும் உண்டு. ஒரு வாரம் கழித்து, 'வங்கி மறுத்துவிட்டது, வட்டி கூடும்' என்று போன் வரும். அதற்குள் பழைய காரை விற்றிருப்பார்கள். கடன் முடிவானதாக எழுத்தில் இல்லாமல் பழைய சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஒரு சின்ன லாபம்: 2025 முதல் 2028 வரை, கடைசிக்கட்ட அசெம்பிளி அமெரிக்காவிலேயே நடந்த புதுக் காரை இந்த ஆண்டுகளில் கடனில் வாங்கினால், ஆண்டுக்கு 10,000 டாலர் வரையிலான வட்டியை வருமான வரியில் கழிக்கலாம். தனியாக வரி கட்டுபவருக்கு 1,00,000, தம்பதிக்கு 2,00,000 டாலர் வருமானத்துக்கு மேல் இது குறைந்துகொண்டே போகும். எங்கே அசெம்பிள் செய்தது என்பதும் கண்ணாடி ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

9. சாவியைக் கொடுக்கும் முன், கொடுத்த பின்

டோல் டேகைக் கழற்றுங்கள். மறந்தால் அடுத்தவர் பாலம் தாண்டும் காசு உங்கள் கணக்கில் போகும். கார் திரையில் சேமித்த போன் எண்கள், வீட்டு முகவரி, கராஜ் பட்டன் எல்லாவற்றையும் அழியுங்கள். நம்பர் பிளேட் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போகும், நியூயார்க்கில் நீங்கள் கழற்றிக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள், காகிதத்தில் எழுதும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தை அங்கிருந்தே அழைத்துப் புதுக் காரைச் சேர்த்த பிறகு பழையதை நீக்கச் சொல்லுங்கள்.

பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டியோ கேப் இன்சூரன்ஸோ (கார் முழுதாக நாசமானால் அதன் மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது) வாங்கியிருந்தால், மீதிக் காலத்துக்கான பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். எனக்கு 412 டாலர் வந்தது.

பழைய கடனை டீலர் அடைப்பார். அடைத்துவிட்டதாக வங்கியில் தெரியும் வரை தவணையை நிறுத்த வேண்டாம். இரண்டு வாரம் கழித்து வங்கிக்குப் போன் போடுங்கள். பாக்கி பூஜ்யம் என்று சொன்ன பிறகு ஆட்டோ பேயை ரத்து செய்யுங்கள்.